குடற்புழுவும் காசநோயும்: இல்லமே மருத்துவமனை

முன்னுரை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை உரிய காலத்தில் அளித்து உடனிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றும் இன்று நமக்கு எளிதில் கிட்டுவன. அரசு மருத்துவமனை அருகில் உள்ளது, மருத்துவர் இருக்கின்றார், குடற்புழுவுக்கும் காசநோய்க்கும் மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. இருந்தும் இவ்விரு நோய்களும் நம்மைவிட்டு நீங்கவில்லை. நான்காம் உறுப்பாகிய உடனிருப்பவரை நாம் மறந்துவிட்டதே இதற்குத் தலையாய காரணம் எனலாம்.

உடனிருப்பவர் என்பது தனியொருவரை மட்டும் குறிப்பதன்று. நோயுற்றவரின் இல்லம், தெரு, ஊர், ஜமாஅத், கல்லூரி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். குடலைப் பற்றும் புழுநோய்களும் மார்பைப் பற்றும் காசநோயும் எவ்வாறு பரவுகின்றன, அவற்றை வென்ற வரலாறுகள் நமக்குத் தரும் பாடம் யாது, இராசிபுரம் வட்டாரத்தில் நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடலுக்குச் செல்லும் வழி மார்பினூடே

குடற்புழுக்களுள் மூன்று நம் நாட்டில் பெரும்பான்மையாகக் காணப்படுகின்றன. அவை உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு என்பன. உருண்டைப்புழுவை நம் மக்கள் நாக்குப்பூச்சி என்பர். உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் இம்மூவகைப் புழுக்களுள் ஒன்றையேனும் தம் உடலில் சுமந்து வாழ்கின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு.

கொக்கிப்புழுவின் வாழ்க்கை வியப்புக்குரியது. நோயுற்றவரின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கின்றன. அதிலிருந்து தோன்றும் கண்ணுக்குப் புலப்படாத இளம்புழு, செருப்பின்றி நடப்பவரின் பாதத்தோலைத் துளைத்து உடலினுள் நுழைகின்றது. இரத்தக் குழாய் வழியாக இதயத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கின்றது. நுரையீரலின் காற்றறைகளைக் கிழித்துக்கொண்டு மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, உமிழ்நீரோடு விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றது. அதன் பின்னரே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சத் தொடங்குகின்றது. உருண்டைப்புழுவின் முட்டை வாய் வழியே நுழைகின்றது. எனினும் அதன் இளம்புழுவும் குடலிலிருந்து புறப்பட்டு நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் மீண்டும் குடலுக்குத் திரும்புகின்றது. இப்பயணத்தின்போது சிலருக்கு இருமலும் இளைப்பும் தோன்றுவதுண்டு. குடல்நோய் வேறு, மார்புநோய் வேறு என்று நாம் வகுத்த எல்லையை இப்புழுக்கள் மதிப்பதில்லை.

கொக்கிப்புழு தோல் வழியே நுழையும் உண்மை வெளிப்பட்ட விதம் சுவையானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். இளம்புழுக்கள் நிறைந்த நீர்த்துளி தற்செயலாக அவரது கையில் சிந்தியது. அவ்விடத்தில் அரிப்பும் எரிச்சலும் உண்டாயின. சில வாரங்கள் கழிந்தபின் அவரது மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. வாய் வழியாகவே புழு நுழையும் என்று எண்ணியிருந்த உலகம், பாதத்தைக் காக்க வேண்டியதன் இன்றியமையாமையை இவ்வாறு அறிந்துகொண்டது.

இப்புழு செய்யும் தீங்கு ஓசையற்றது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வகையைச் சார்ந்த ஒரு புழு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி இரத்தத்தையே இழக்கச் செய்கின்றது. ஆனால் உடலில் 100 புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி என்று கணக்கு வளர்கின்றது. உண்ணும் உணவிலேயே இரும்புச்சத்து குறைந்த ஏழைப் பெண்ணொருத்தி இவ்விழப்பை எவ்வாறு ஈடு செய்வாள்? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இதற்குப் புழு ஒன்றே காரணம் அன்று. உணவுக் குறைபாடே முதற்காரணம். ஆயினும் குறைந்த செல்வத்தையும் திருடும் கள்வனைப் போன்றது கொக்கிப்புழு.

இருமல் அனைத்தும் காசமன்று

புழுக்களுள் மற்றொரு வகை யானைக்கால் நோயை உண்டாக்குவது. இது கொசுவின் வழியே பரவுகின்றது. இப்புழுவின் நுண்வடிவங்களுக்கு எதிராக உடல் கடுமையாகக் கிளர்ந்தெழும்போது, சிலருக்குக் காலில் வீக்கம் தோன்றாமல் நுரையீரலில் அழற்சி தோன்றும். இரவில் விடாத இருமல், மூச்சுத்திணறல், எடை குறைதல் ஆகியவை இதன் அடையாளங்கள். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் அமைந்த காசநோய் சானடோரியத்தில் பணியாற்றிய ஃபிரிமோட் மோலர், பார்ட்டன் ஆகிய மருத்துவர்கள் 1940-ஆம் ஆண்டில் இந்நிலையை விளக்கி எழுதினர். காசநோய் போலத் தோன்றினும் காசநோய் அன்று என்றும், நோயாளியின் இரத்தத்தில் இயோசினோபில் என்னும் அணுக்கள் பெருகியிருந்தன என்றும் அவர்கள் குறித்தனர். 1943-இல் பம்பாயில் வைங்கார்ட்டன் என்பார் இதற்கு ‘வெப்பமண்டல இயோசினோபிலியா’ எனப் பெயரிட்டார். யானைக்கால் புழுவுக்குரிய மருந்தே இதனையும் தீர்க்கின்றது.

நோயைத் தவறாகக் கணித்தால் விளையும் இழப்புக்கு நம் தமிழகத்திலேயே பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. நமக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு பிறந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், இங்கிலாந்தில் நோயுற்றபோது காசநோயாளி என்று கருதப்பட்டுச் சானடோரியங்களில் வைக்கப்பட்டார். தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தமது 32-ஆம் வயதில் மறைந்தார். 1994-ஆம் ஆண்டில் யங் என்னும் மருத்துவர் பழைய குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்து, அவரைக் கொன்றது காசநோய் அன்று, அமீபா என்னும் ஒட்டுண்ணி கல்லீரலில் உண்டாக்கிய நோயே என்று கருத்துரைத்தார். இளமையில் அவருக்கு வந்த சீதபேதியின் எச்சமாக அவ்வொட்டுண்ணி உடலில் தங்கியிருக்கலாம் என்பது யங்கின் முடிவு. அக்கருத்து சரியாயின், அக்காலத்திலேயே மருத்துவத்தால் தீர்க்கக்கூடிய நோயொன்றுக்கு உலகம் ஒரு பேரறிஞரைப் பறிகொடுத்தது என்றே கொள்ள வேண்டும்.

சிறுகதை வேந்தர் புதுமைப்பித்தனோ காசநோய்க்கே இரையானார். அவர் 1948-ஆம் ஆண்டு மறைந்தபோது அகவை 42. ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-இல் கண்டறியப்பட்டிருந்தும், நம் நாட்டு எளியவர்களின் கைக்கு அது இன்னும் எட்டாத காலம் அது. மருந்து பிறப்பது வேறு. அது நோயாளியின் வாயைச் சென்றடைவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே பொதுநலவாழ்வின் சிக்கலாகும்.

தேயிலைத் தோட்டம் தந்த பாடம்

மருந்து நோயாளியை அடைந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதை இலங்கையின் வரலாறு உணர்த்துகின்றது. சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கச் சென்ற தமிழர்களே இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கினர். அவர்கள் வெறுங்காலோடு ஈரமண்ணில் உழைத்தனர். தோட்டங்களில் போதிய கழிப்பிடங்கள் இல்லை. ஆகவே கொக்கிப்புழு நோய் அவர்களிடையே பெருகியது. 1916-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அங்கே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தனர். புழுக்கள் வெளியேறின. ஆனால் அதே தொழிலாளர்கள் மாசுபட்ட அதே மண்ணில் மீண்டும் வெறுங்காலோடு நடந்தனர். நோய் திரும்பி வந்தது. கழிப்பிடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும் என்பதை அவ்வியக்கத்தார் உணர்ந்தனர். நாளடைவில் தூய்மையும் நலக்கல்வியும் அவர்தம் பணியின் முதன்மைக் கூறுகளாயின.

இதே பாடம் இன்றும் பொருந்தும். 2015 பிப்ரவரி முதல் இந்திய அரசு தேசியக் குடற்புழு நீக்க நாளை நடத்தி வருகின்றது. 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை அளிக்கப்படுகின்றது. 2 வயதுக்கு மேற்பட்டோர்க்கு 400 மில்லிகிராம் கொண்ட ஒரு மாத்திரை; அதனினும் இளைய குழந்தைகட்கு அதில் பாதி. இது போற்றத்தக்க பணி. ஆனால் கொக்கிப்புழு பெரியவர்களிடமும் மிகுதியாக வாழ்வது. பிள்ளைக்கு மட்டும் மருந்தளித்தால் தந்தையின் உடலிலுள்ள புழு மீண்டும் மண்ணை மாசுபடுத்தாதா? இவ்வினாவுக்கு விடை காணவே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும், ஊரிலுள்ள அனைவர்க்கும் மருந்தளித்துப் பார்க்கும் பேராய்வு ஒன்றை நடத்தினர். ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் இவ்வாய்வு உடன் நிகழ்ந்தது. இவ்விரு தமிழ்நாட்டுப் பகுதிகளிலும் கொக்கிப்புழுவே முதன்மையாகக் காணப்பட்டது.

மருந்தின்றி ஒழிந்த நோய்

மருந்து இருந்தும் ஒழியாத நோயைக் கண்டோம். மருந்தே இல்லாமல் ஒழிந்த நோயும் உண்டு. நரம்புச்சிலந்தி நோய் என்று நம் முன்னோர் அறிந்திருந்த அது, படிக்கிணற்று நீரால் பரவியது. நீரிலுள்ள நுண்ணுயிரொன்றோடு வயிற்றுக்குள் செல்லும் இளம்புழு, ஓராண்டுக் காலத்தில் முழம் அளவுக்கு மேலும் வளர்ந்து, காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிவரும். அந்தக் காலோடு நோயாளி கிணற்றுப் படியில் இறங்கினால் நீர் மீண்டும் மாசுபடும். மதீனா நகரைச் சுட்டும் அறிவியற்பெயர் இப்புழுவுக்கு உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனாவும் இந்நோயைத் தமது நூலில் விளக்கியுள்ளார்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. கொல்லும் மருந்தும் இல்லை. எனினும் 1983-84-ஆம் ஆண்டுகளில் இந்திய அரசு இதனை ஒழிக்க முற்பட்டது. 1984-இல் நாட்டில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் இந்நோயால் வருந்தினர். செய்தவை எளியன: குடிநீரைத் துணியால் வடிகட்டுதல், படிக்கிணறுகளை மூடி இறைகிணறுகளாக்குதல், அடிகுழாய் அமைத்தல், நோயாளியை நீர்நிலையில் இறங்கவிடாது காத்தல் என்பனவே. தமிழ்நாடு அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே நோயினின்று விடுபட்டது. 1996 சூலையில் இராசத்தானில் காணப்பட்டதே நாட்டின் இறுதி நோயாளி. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா இந்நோயற்ற நாடு என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. இவ்வெற்றிக்கு உரியவர்கள், தண்ணீர்க் குடத்தின் வாயில் துணியைக் கட்டிய ஆயிரமாயிரம் தாய்மார்களே ஆவர்.

சேத்துப்பட்டு ஆய்வு

இனிக் காசநோய்க்கு வருவோம். 1882 மார்ச் 24-ஆம் நாள் இராபர்ட் காக் என்னும் அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். ஆயினும் அறுபதாண்டுகளுக்கு மேலாகத் தக்க மருந்து கிடைக்கவில்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே மருத்துவம் எனக் கருதப்பட்டன. அதற்காகவே சானடோரியங்கள் தோன்றின. தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டு மருத்துவர் சௌரி முத்து நிறுவிய சானடோரியம் அத்தகையது. பின்னர் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. அவ்விடத்துக்குச் ‘சானடோரியம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டதை அறிவோம்.

ஆனால் இலட்சக்கணக்கான நோயாளிகள் உள்ள நாட்டில் அனைவர்க்கும் படுக்கை அளிப்பது இயலுமா? இவ்வினாவோடு 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் இணைந்தன. இராமானுசன் கண்மூடிய அதே சேத்துப்பட்டில்தான் இந்நிலையம் இன்றும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகின்றது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில், சென்னையின் ஏழை மக்களிடையே நோயுற்றவர்களைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கி ஓராண்டு மருந்துண்டனர். மற்றவர் தம் குடிசைகளிலேயே இருந்து அதே மருந்தை உண்டனர்.

1959-இல் வெளிவந்த முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்தனர், அவர்களின் உணவு குறைவு, ஓய்வும் குறைவு. அவ்வாறிருந்தும் சானடோரியத்தில் இருந்தோர்க்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தனர். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்துண்ணத் தொடங்கியபின் கிருமி விரைவில் அடங்கிவிடுவதே இதற்குக் காரணம். இம்முடிவுக்குப் பின் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. குடிசையே மருத்துவமனையாக முடியும் என்று உலகுக்குக் காட்டிய பெருமை தமிழகத்து ஏழை நோயாளிகளுக்கு உரியது.

இதில் ஓர் உட்பொருள் உண்டு. வீட்டிலிருந்த நோயாளி நாள்தோறும் மருந்தை உண்டாரா என்று பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. செவிலியர் வீடு தேடிச் சென்றனர். மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். திருவள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு அங்கே உயிர்பெற்றது.

தமிழ்நாட்டின் மற்றோர் ஆய்வும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கிய பேராய்வில், பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பது தெரியவந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் முதலிய கொடிய வடிவங்களினின்று அது காக்கின்றது. ஆதலின் பிறந்த குழந்தைக்கு அதனைத் தவறாது போடவேண்டும். ஆனால் சிறு வயதில் ஊசி போட்டாயிற்று, ஆகவே நமக்கு நோய் வாராது என்று எண்ணி இருமலைப் புறக்கணிப்பது அறியாமை.

இன்றைய நிலை

2023-ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேர் காசநோயுற்றனர் என்றும், 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. நோயுற்றோருள் நால்வருக்கு ஒருவர் இந்தியர். 2019-இல் நம் நாட்டில் 24 இலட்சம் நோயாளிகள் பதிவாயினர். கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020-இல் அத்தொகை 18 இலட்சமாகக் குறைந்தது. நோய் குறைந்ததனால் அன்று. நோயாளியைத் தேடிக் காணும் பணி தடைப்பட்டதனால் குறைந்தது. கண்டறியப்படாத நோயாளி மருந்தின்றித் தானும் மெலிந்து, தன் வீட்டாருக்கும் நோயைத் தருகின்றார்.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருத்துவம் போதும். முதல் இரு மாதங்கள் நான்கு மருந்துகள். பின்னர் நான்கு மாதங்கள் மூன்று மருந்துகள். இரண்டு மாதம் கழிந்ததும் இருமல் நின்று, உடல் தேறி, பசியெடுக்கும். நோய் நீங்கிற்று என்று கருதி மருந்தை நிறுத்துவோர் பலர். அவ்வாறு நிறுத்தும்போது எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. மருந்துக்கு அடங்காத தன்மையையும் பெறக்கூடும். பின்னர் வேறு கடுமையான மருந்துகள் தேவைப்படும்.

உணவின் பங்கையும் அண்மை ஆய்வுகள் நிறுவியுள்ளன. சார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தார்க்கு உணவுப் பொருள்களைக் கூடுதலாக அளித்து ஆராய்ந்தனர். அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுறுவது 39 விழுக்காடு குறைந்தது என்று 2023-இல் முடிவு வெளிவந்தது. நோயாளியின் உணவுக்காக 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் அளித்துவந்த அரசு, 2024 நவம்பர் முதல் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாடு அரசு 2022-இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. நோய் கண்டறியப்பட்ட உடனேயே எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தின் ஆக்சிசன் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்து, நிலை மோசமானவரை மருத்துவமனையில் சேர்ப்பது அதன் முறை. இல்லத்து மருத்துவம் பெரும்பாலோர்க்கு ஏற்றது. மிக மெலிந்தோர்க்கு மருத்துவமனை வேண்டும் என்ற தெளிவு இதில் உள்ளது.

நம் வட்டாரமும் நாமும்

1997 சனவரி முதல் நாமக்கல் மாவட்டத்தின் பகுதியாக விளங்கும் இராசிபுரம், பட்டுக்கும் நெய்க்கும் பெயர்பெற்ற ஊர். சுற்றிலும் மரவள்ளிக் கிழங்கு விளையும் வயல்களும் சேகோ ஆலைகளும் உள்ளன. லாரித் தொழில் நம் மாவட்டத்தின் உயிர்நாடி. இவ்வுழைப்பின் இடங்களே நாம் விழிப்பாக இருக்கவேண்டிய இடங்கள்.

தறி நெய்யும் அறை சிறிதாயும் சன்னலின்றியும் இருப்பின், அதில் இருமும் ஒருவரின் மூச்சிலுள்ள கிருமி மணிக்கணக்கில் காற்றில் தங்கும். வெயிலும் காற்றும் புகுந்தால் அக்கிருமி குறையும். ஒரு சன்னலைத் திறப்பது செலவில்லா மருத்துவம். கிழங்குக் காட்டில் வேலை செய்வோர் செருப்பணிவதும், வயல்வெளியை மலங்கழிக்கும் இடமாக்காமையும் கொக்கிப்புழுவின் வாயிலை அடைக்கும். நெடுந்தொலைவு வண்டியோட்டுவோர் ஊர்விட்டு ஊர் செல்வதால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவர். மருந்தை இடையில் விடுவர். எச்.ஐ.வி. தொற்றுடையோர்க்கும் நீரிழிவு உடையோர்க்கும் காசநோய் எளிதில் வரும் என்பதால், இவர்கள் இருமலைச் சிறிதென எண்ணலாகாது. நாடெங்கும் முட்டை அனுப்பும் மாவட்டம் நம்முடையது. நம் ஊர்க் காசநோயாளியின் தட்டில் நாளொன்றுக்கு ஒரு முட்டை வைக்க நம்மால் இயலாதா?

மார்க்கம் காட்டும் நெறி

தூய்மையை ஈமானின் கூறாகப் போற்றும் மார்க்கம் இஸ்லாம். மக்கள் நடக்கும் பாதையிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும், நீர்த்துறையிலும் மலங்கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். கொக்கிப்புழு வளர்வது ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் என்று அறிவியல் கூறும்போது, இத்தடையின் பயன் நமக்கு நன்கு விளங்குகின்றது. நோய்க்கு மருந்து தேடுமாறும் அப்பெருமானார் அறிவுறுத்தியுள்ளார்கள். எனவே மருந்தைத் தேடுவது இறைநம்பிக்கைக்கு மாறானதன்று.

இங்கே பெரியோர்களின் கவனத்துக்கு மூன்றைப் பணிவுடன் முன்வைக்க வேண்டியுள்ளது. முதலாவது, நோன்பு. ரமலான் மாதத்தில் காசநோய் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நோயாளிக்கு நோன்பினின்று திருமறை சலுகை அளித்துள்ளது. விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்கலாம். நோன்பு நோற்கும் உடல்நிலை உள்ளவர், மருந்துண்ணும் நேரத்தை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ள மருத்துவரைக் கேட்கவேண்டும். ஆலிம்கள் இதனை ஜும்ஆ உரையில் எடுத்துரைப்பின் பலருடைய உயிர் காக்கப்படும்.

இரண்டாவது, மறைத்தல். மணமாகாத பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தால் வரன் அமையாது என்று அஞ்சி, இருமலை மறைத்து வெளியூர் மருந்துக் கடையில் ஏதேனும் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எல்லாச் சமுதாயங்களிலும் உள்ளனர். ஆறு மாதத்தில் தீரும் நோய் இவ்வாறு மறைப்பதால் நுரையீரலை அரித்துவிடுகின்றது. குணமடைந்த பெண் பிறரைப் போன்றே மணம் செய்யலாம்; தாயாகலாம். நோய் குற்றமன்று என்று ஜமாஅத் பெரியோர் வெளிப்படையாகச் சொன்னால்தான் வீடுகள் வாய்திறக்கும்.

மூன்றாவது, ஒதுக்குதல். காசநோய் காற்றின் வழியே பரவுவது. தட்டு, குவளை, துணி ஆகியவற்றால் பரவுவதன்று. நோயாளிக்குத் தனித்தட்டு வைத்து மூலையில் அமர்த்துவதால் எந்நன்மையும் இல்லை. இருமும்போது வாயை மூடுதல், சளியைக் கண்ட இடத்தில் துப்பாமை, மருந்தைத் தவறாது உண்ணல் ஆகியவையே காவல். மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பிறருக்குப் பரப்பும் தன்மை பெரிதும் அடங்கிவிடும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். இலங்கைத் தோட்டங்களில் மருந்து இருந்தது, சூழல் மாறவில்லை; நோய் திரும்பி வந்தது. நரம்புச்சிலந்திக்கு மருந்து இல்லை, மக்கள் பழக்கத்தை மாற்றினர், நோய் ஒழிந்தது. சென்னையில் மருந்தும் இருந்தது, உடனிருந்து பார்ப்போரும் இருந்தனர். குடிசையிலேயே நோயாளி குணமடைந்தார். ஆகவே மருத்துவரும் மருந்தும் செய்யக்கூடியதில் பாதியே அவர்களிடம் உள்ளது. மறுபாதி நம் இல்லங்களில் உள்ளது.

மாணவ மணிகள் செய்யத்தக்கன பல. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமுவோர் தம் தெருவில் எவரேனும் இருப்பின், அவரை அழைத்துச் சென்று அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்விக்கலாம். மருந்துண்போர் ஒருவரைத் தெரிந்துகொண்டு, ஆறு மாதமும் அவருக்கு நினைவூட்டும் துணையாகலாம். குடற்புழு நீக்க நாளில் தம் இல்லத்துப் பிள்ளைகள் மாத்திரையை மென்று விழுங்கினரா என்று பார்க்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை சீரமைப்பதோடு கழிப்பிடத்தின் தேவையையும் செருப்பின் பயனையும் எளிய தமிழில் எடுத்துரைக்கலாம். தமிழ் பயின்றவர்க்கு இது தகுதியான பணி. மருத்துவர் கூறுவதை மக்கள் மொழியில் சொல்ல வல்லவர் அவரே அன்றோ!

நோயாளியின் அருகில் அமர்ந்து, இன்று மருந்து உண்டீர்களா என்று அன்போடு வினவும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பாராயின், மருத்துவத்தின் நான்கு உறுப்பும் நிறைவு பெறும். அத்தகைய நற்பணிக்கு எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக.